மேலுறையைப் பார்த்து வாங்குங்கள்

குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், மாங்காடு பக்கத்துத் தனி வீடுகளில் இன்னும் ரெண்டு தென்னை, ஒரு முருங்கை, போர் மோட்டார், கேட் விளக்கு என்று தோட்டம் மிச்சமிருக்கிறது. அந்த விளக்குக்கும் மோட்டாருக்கும் பெரும்பாலும் வீட்டுக்குள் ஓடும் அதே ஒயரைத்தான் வெளியே இழுத்துவிடுகிறோம். கடையில் “எத்தனை ஸ்கொயர்?”, “என்ன கம்பெனி?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. செம்புக்கு மேல் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டு ஒயரில் இருப்பது ஒரே ஒரு பிவிசி உறை, அதுவும் சுவருக்குள் குழாயில் கிடப்பதற்கென்று செய்தது. கத்திரி வெயிலின் புற ஊதாக் கதிர் அதை வெளிறவைத்து, விறைக்கவைத்து, கடைசியில் மயிரிழையாக வெடிக்கவைக்கும். ஐப்பசி மழைத் தண்ணீருக்கு அந்த வெடிப்பு போதும். வெளியில் போடும் கேபிளுக்குக் கோர்களை எல்லாம் சேர்த்து மூடும் இரண்டாவது உறை வேண்டும், அது கறுப்பாக இருக்க வேண்டும். அதில் கலந்திருக்கும் கரித்தூள்தான் வெயிலைத் தாங்குகிறது.

“எஃப்ஆர் என்று போட்டிருக்கிறதே” என்பார்கள். அது தீ பரவுவதைத் தடுக்கும் குணம். வெயிலுக்கும் தண்ணீருக்கும் அது உத்தரவாதமில்லை. “பிவிசி பைப்பில் விட்டுப் புதைத்துவிட்டால்?” என்பது இதைவிட நியாயமான கேள்வி. வெயிலிலிருந்து பைப் காப்பாற்றும், சரி. ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையும் புறநகரும் எப்படி மிதந்தன என்று பார்த்தோம். மண்ணுக்குள் இருக்கும் பைப்பில் ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் இறங்கி நின்றுவிடும், ஒற்றை உறை ஒயர் அதில் ஊறிக் கிடக்கும். புதைப்பதென்றால் இரும்புக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம். கடப்பாறை போடும் இடத்தில் வேறு வழியில்லை. விலை கூடத்தான். ஆனால் தோட்டத்துக்குத் தேவை சில மீட்டர்தானே, முழு காயில் இல்லையே.

அளவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து மடங்கு. முப்பது மீட்டர் தூரத்துக்கு ஒரு ஸ்கொயர் ஒயர் போட்டால் கிளம்பும் நேரத்தில் 40 வோல்ட் அளவுக்கு வழியிலேயே போய்விடும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். இரண்டரை ஸ்கொயரில் இழப்பு பாதிக்கும் கீழே. அதோடு த்ரீ கோர் வாங்க வேண்டும். டூ கோர் போட்டுவிட்டு எர்த்தை மறப்பதால்தான் ஈர மோட்டாரின் உடம்பிலும் இரும்பு கேட்டிலும் கரன்ட் நிற்கிறது. எம்சிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அரை ஆம்பியர் கசிவு ஒரு பொருட்டே இல்லை, மனித உயிருக்கோ அதில் சிறு பங்கே அதிகம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபிதான் இங்கே காவல்.

இத்தனையும் செய்துவிட்டு நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டு இன்சுலேஷன் டேப் சுற்றினால் அந்த இடத்தில் மேலுறையே கிடையாது. ஸ்விட்ச் உயரம், வளைவு எல்லாம் சேர்த்து அளந்து ஒரே துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.