சீட்டுகள் பல, நோயாளி ஒருவர்



காரமடைப் பக்கம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள முதியவருக்கு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது. நெஞ்சு வலித்தால் மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனை. அங்கிருந்து கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கண்ணுக்கும் முழங்காலுக்கும் தனியார் மருத்துவர்கள். போகுமிடமெல்லாம் புதுச் சீட்டு, மறுபடியும் ரத்தப் பரிசோதனை. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் எழுதப்பட்டால், பல வீடுகளில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த நிலையை மாற்ற நல்ல வழி காட்டியிருக்கிறது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் கிடைக்கிறது. இத்திட்டத்துக்கு 2024இல் ஐ.நா. விருதும் வந்தது.

அதே 2021இல் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்த 14 இலக்க 'ஆபா' எண், நோயாளியின் சம்மதத்தோடு அவருடைய மருத்துவக் குறிப்புகளை ஓரிடத்தில் சேர்க்க வல்லது. மருத்துவமனைகள் பதிவேற்றினால்தான் அதற்குப் பயன்.

பெரிய மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் அன்றே, அவருடைய சிகிச்சை விவரம் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். தன்னார்வலர் கையில் அவருடைய முழு மருந்துப் பட்டியலும் இருக்க வேண்டும். கோவை மாவட்ட சுகாதாரத் துறை இதைக் காரமடையிலேயே தொடங்கலாம்.

– ஒரு வாசகர், காரமடை