தையல் தெரியாத சுவர்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதற்கு இக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமானால், வீடு விற்கும் விளம்பரங்களைப் பார்த்தால் போதும். இன்னும் கடைக்கால் கூடத் தோண்டப்படாத கட்டடத்தின் வரவேற்பறை அவற்றில் பளபளக்கிறது. சன்னல் வழியே மாலை வெயில் சாய்கிறது. சுவர் முழுவதும் பூவும் கொடியும் பின்னிய பட்டுத் துணி. ஆனால் அந்த அறையும் இல்லை, அந்த வெயிலும் இல்லை, அந்தப் பட்டும் இல்லை. எல்லாம் கணிப்பொறி தீட்டிய காட்சி. இந்தக் கலைக்கு 'ரெண்டரிங்' என்று பெயர்.

இக்கலையைப் பழிப்பது என் நோக்கமன்று. நம்முடன் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு நாளை இதுவே சோறு போடும் தொழிலாகலாம். நான் சொல்ல விரும்புவது ஒன்றே: துணியை அறியாதவன் துணியின் தோற்றத்தைப் படைக்க முடியாது. கணிப்பொறி எவ்வளவு வல்லதாயினும் இந்த அறியாமையை அது மறைத்துவிடாது. மாறாக, பெரிதாக்கிக் காட்டிவிடும்.

முதலில் செய்முறையைப் பார்ப்போம். கணிப்பொறிக்குள் ஒரு சுவர் என்பது வெறும் நீள அகலக் கணக்கு. அதற்கு நிறமும் இழையும் தர, ஒரு படத்தை அதன்மீது போர்த்த வேண்டும். வளைந்த பரப்பின்மீது இவ்வாறு படம் போர்த்தும் முறையை, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். அப்படி போர்த்தப்படும் படத்தை 'டெக்ஸ்ச்சர்' என்கிறார்கள். நாம் பரப்புப் படம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெரிய சுவருக்குப் பெரிய படம் என்றால் கணிப்பொறியின் நினைவகம் தாங்காது. எனவே சிறிய சதுரம் ஒன்றைச் செய்து, தளத்தில் பூ ஓடு பதிப்பதுபோல் திரும்பத் திரும்பப் பதிக்கிறார்கள். வலப்பக்க ஓரத்தில் வெட்டுப்பட்ட இலை, அடுத்த சதுரத்தின் இடப்பக்க ஓரத்தில் தொடர வேண்டும். மேலும் கீழும் அவ்வாறே. இதற்கு எளிய உத்தி ஒன்று உண்டு. படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தினால், நான்கு ஓரங்களும் நடுவில் வந்து சிலுவைபோல் கூடும். பொருந்தாத இடம் அங்கே பளிச்சென்று தெரியும். அதைத் திருத்திவிட்டால் படம் தையலற்றதாகிவிடும். பத்து முறை அடுக்கினாலும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண் அறியாது. இது உண்மையிலேயே பாராட்டத்தக்க திறமைதான்.

ஆனால் இத்திறமை இன்று பிறந்ததன்று. சுவரில் பட்டுத் தொங்கவிடுவது ஐரோப்பியச் செல்வர்களின் வழக்கமாயிருந்தது. அதற்கு வசதியில்லாதவர்களுக்காகவும், பின்னர் நாகரிகம் கருதியும், தாளே துணிபோல் வேடம் பூண்டது. தாளில் பசையால் கோலமிட்டு, அதன்மீது கம்பளித் தூளைத் தூவி, வெட்டு வெல்வெட் போலத் தோன்றச் செய்தார்கள். லண்டன் ஒயிட்ஹாலில் பிரிவி கவுன்சில் அலுவலகச் சுவர்களுக்கே 1735ஆம் ஆண்டையொட்டி அத்தகைய தாள் ஒட்டப்பட்டது. ஆக, துணியைத் தாள் நடித்தது. இன்று தாளையும் துணியையும் எண்கள் நடிக்கின்றன. நடிப்பில் தவறில்லை. நடிக்கப்படும் பாத்திரத்தை நடிகன் அறிந்திருக்கிறானா என்பதே கேள்வி.

பெரும்பாலும் அறிவதில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவேன்.

முதலாவது, அளவு. ஐரோப்பியச் சுவர்த்தாள் சுருள் ஒன்றின் அகலம் பொதுவாக ஏறத்தாழ 53 செ.மீ. நான்கு மீட்டர் அகலமுள்ள சுவருக்கு எட்டுப் பட்டைகள் வேண்டும். பட்டைக்குப் பட்டை ஓர் இணைப்பு இருந்தே தீரும். பழைய கைத்தறிப் பட்டுக்கும் இப்படியே ஓர் எல்லை உண்டு. ஒரு கையால் எறிந்த நாடாவை மறு கையால் பிடிக்கும் தூரமே, தனியாளாய் நெய்பவரின் துணிக்கு அகலம். எனவே சுவரில் தெரியும் தையல் ஒரு குறையன்று. அது மனிதக் கையின் நீளம். நம் கணிப்பொறி ஓவியரோ ஒரே பூவை ஆள் உயரத்துக்கு இழுத்து, இணைப்பே இல்லாமல் சுவர் முழுவதும் பரப்புகிறார். அத்தகைய துணியைத் தனியாளாய் நெய்பவரின் அந்தப் பழைய கைத்தறி நெய்ததில்லை. பார்ப்பவனுக்கு இக்கணக்கெல்லாம் தெரியாமலிருக்கலாம். ஆயினும் அறை ஏதோ பொம்மை வீடுபோல் இருக்கிறதே என்று அவன் மனம் சொல்லிவிடும்.

இரண்டாவது, ஒளி. இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். டமாஸ்கஸ் நகரின் பெயரைத் தாங்கிய 'டமாஸ்க்' என்னும் துணியை எடுத்துக்கொள்வோம். அலங்காரச் சுவர்த் துணிகளில் அதுவே அரசி. அதன் பழைய வகையில் பூவுக்கும் பின்னணிக்கும் ஒரே நிறம். பிறகு பூ எப்படித் தெரிகிறது? ஓரிடத்தில் பாவு நூல்கள் மேலே மிதக்கின்றன. மற்றோரிடத்தில் ஊடை நூல்கள் மிதக்கின்றன. நூலின் நெடுக்கில் பட்ட ஒளி ஒருவிதமாகத் திரும்புகிறது. குறுக்கில் பட்ட ஒளி வேறுவிதமாகத் திரும்புகிறது. எனவே ஒரு பக்கம் நின்றால் பூ ஒளிர்ந்து பின்னணி மங்குகிறது. நான்கு அடி நடந்தால் பின்னணி ஒளிர்ந்து பூ மங்குகிறது. அதாவது அந்தப் பூ துணியின் நிறத்தில் இல்லை. ஒளியும் கண்ணும் துணியும் கூடும் கோணத்தில் இருக்கிறது.

இந்தத் துணியை விளக்கொளியில் ஒருமுறை புகைப்படம் எடுத்து, தையலற்றதாக்கிச் சுவரில் போர்த்தினால் என்ன ஆகும்? அந்த ஒரு கணத்து மினுமினுப்பு வெறும் வெளிர்நிறச் சாயமாக உறைந்துவிடும். சன்னலை இடப்பக்கம் வைத்தாலும் வலப்பக்கம் வைத்தாலும் பளபளப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். உயிருள்ள முகத்துக்கும் முகமூடிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. 1978ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பிளின் என்பார், பரப்பை மேடுபள்ளமாக்காமல், ஒவ்வொரு புள்ளியிலும் அதன் செங்குத்துக் கோட்டின் திசையை மட்டும் சற்றே மாற்றிக் கணக்கிட்டால் சுருக்கங்கள் தோன்றும் என்று காட்டினார். இன்றைய மென்பொருள்களில் நிறத்துக்கு ஒரு படம், சொரசொரப்புக்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு ஒரு படம், இழை ஓடும் திசைக்கு ஒரு படம் எனத் தனித்தனியே தரலாம். நிறத்துக்கான படத்தை நிழலும் மினுக்கும் விழாத சீரான ஒளியில் எடுத்து, மற்றவற்றைக் கணக்குக்கு விட்டுவிடலாம். கருவி காத்திருக்கிறது. ஆனால் பாவு எது, ஊடை எது என்று அறியாதவன் இழையின் திசையை எப்படிச் சொல்லுவான்?

"ஐயா, பார்ப்பவன் இதையெல்லாம் கவனிக்கப் போகிறானா? கதாநாயகன் முன்னே நிற்க, சுவர் இரண்டு நொடி தெரியும். இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. கூலிக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்ட தொழிலில் எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் கவனிக்காதபடி செய்வதற்குத்தான் அறிவு வேண்டும் என்பது என் மறுமொழி. சுவீடனில் தோன்றிய ஐக்கியா என்னும் அறைகலன் நிறுவனம், தன் விலைப்பட்டியலில் 2006ஆம் ஆண்டு 'பெர்ட்டில்' என்னும் மர நாற்காலியைப் புகைப்படமாக அன்றிக் கணிப்பொறிப் படமாக அச்சிட்டது. வாசகர்கள் அதை நாற்காலி என்றே நம்பினார்கள். அவ்வெற்றியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பின்னர் கணிப்பொறி ஓவியர்களைப் புகைப்படக் கலை கற்கவும், புகைப்படக் கலைஞர்களைக் கணிப்பொறி ஓவியம் கற்கவும் வைத்தார்கள். பொருளையும் ஒளியையும் நேரே கண்டறியாமல் எண்களை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் படம் தேறாது என்பதை அவர்கள் அனுபவத்தில் உணர்ந்திருக்க வேண்டும்.

இதற்கு நெடுநாள் முன்பே வழி காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ். 1862ஆம் ஆண்டு 'டிரெல்லிஸ்' என்னும் சுவர்த்தாளை வரைந்தவர் அவர். திரும்பத் திரும்ப வரும் பூங்கொடிகளை அலுப்பு தட்டாமல் அமைப்பதில் அவருக்கு நிகரானோர் சிலரே. அத்தகையவர், துணிக்கு வடிவமைக்க வந்தபோது வரைபலகையோடு நின்றாரில்லை. 1875ஆம் ஆண்டு முதல் லீக் நகரில் தாமஸ் வார்டிலின் சாயப்பட்டறைக்குச் சென்று, கைகள் நீலமாகும்வரை தொட்டியில் துணி முக்கினார். 1877இல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து நெசவாளர் ஒருவரை வரவழைத்துத் தறி போட்டார். காகிதத்தில் வரையும் கோட்டுக்கும் நூலில் விழும் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கைகளால் கற்றார்.

நண்பர்களே! நாம் இதற்காக லியோனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியில் அம்மாவின் மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை இருந்தால், ஒரு கைவிளக்கோடு அதன் முன்னே அமருங்கள். நீலம் எங்கே பச்சையாகிறது, எந்தக் கோணத்தில் ஆகிறது என்று பாருங்கள். பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் என நெசவாளர் வைத்த கணக்கு அது. அதை எந்தத் தனிப் புகைப்படமும் தரமுடியாது. அரைமணி நேரம் அதைப் பார்த்தவன், பிறகு கணிப்பொறியின் முன் அமர்ந்தால் வேறு மனிதனாக அமர்வான்.

இறுதியாக ஒன்று. 1804ஆம் ஆண்டு லியோனில் ஜாக்கார்டு அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூ நெய்தது. அவருடைய உருவத்தையே பட்டில் நெய்ய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அவ்வுருவப் படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளை அட்டைகளையே தேர்ந்தார். எனவே கணிப்பொறியின் பாட்டன் வீட்டில் ஒரு தறி இருக்கிறது. பேரன் பாட்டனின் வேடம் கட்டி ஆடட்டும். ஆனால் பாட்டனை ஒருமுறை நேரில் கண்டுவிட்டு ஆடட்டும். தையல் தெரியாத சுவரைப் படைக்க விரும்புவோர், முதலில் தையலைத் தெரிந்துகொள்வோமாக!