ஒரு நகரம், இரு பெயர்கள்

நாம் பாடநூலில் படிக்கும் இரண்டாம் உலகப் போர், ஹிட்லரின் சாவோடும் ஜப்பானின் சரணாகதியோடும் முடிந்துவிடுகிறது. அதன்பின் யார் வீட்டை விட்டு யார் போனார்கள், அங்கே யார் குடிவந்தார்கள் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. கேட்டால், விடை சொல்ல ஒரு நகரம் இருக்கிறது. போலந்தின் தென்மேற்கே, ஓடர் ஆற்றங்கரையில் உள்ள அதன் பெயர் இன்று வ்ரோத்ஸ்வாஃப். 1945 வரை ஜெர்மானியர் அதைப் பிரெஸ்லாவ் என்றே அழைத்தனர்.

கி.பி. 1000-இல் போலந்து அரசின்கீழ் ஆயர் பீடம் அமைந்த ஊர் அது. பின்னர் பொகிமியா, ஆஸ்திரியா என்று கைமாறி, 1741-இல் பிரஷ்யாவிடம் போயிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே அங்காடித் தெருவின் பேச்சு ஜெர்மன் மொழியாகிவிட்டது. நம் அறிவியல் மாணவர்கள் அறிந்த மாக்ஸ் பார்ன் 1882-இல் பிறந்தது இங்கேதான். யூதர் என்பதால் நாஜிகள் ஆட்சியில் பதவியிழந்த அவரை, 1935-இல் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டவர் நம் சர் சி. வி. இராமன்.

1945 ஜனவரியின் கடும்பனியில் பெண்களும் குழந்தைகளும் நகரைவிட்டு நடந்தே வெளியேறக் கட்டளை பிறந்தது. பிப்ரவரியில் செஞ்சேனை நகரைச் சூழ்ந்தது. பெர்லின் மே 2-ஆம் நாள் வீழ்ந்தது. பிரெஸ்லாவோ மே 6 வரை எரிந்தது. கடைசி மூச்சுவரை போரிடுங்கள் என்று முழங்கிய நாஜித் தலைவர் ஹாங்கெ விமானமேறித் தப்பிவிட்டார். முழங்குவோர் வழக்கம் எங்கும் ஒன்றே போலும்!

வல்லரசுகள் எல்லைக்கோட்டை மேற்கே நகர்த்தின. எஞ்சிய ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வீடுகளில் போலந்து மக்கள் குடியேறினர். அவர்களிலும் பலர், சோவியத்து நாட்டின் வசமான ல்வோவ் போன்ற ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவர்களே. வீடிழந்தவன், வீடிழந்த இன்னொருவனின் அடுப்பை மூட்டினான். யாரை நோவது?

அவர்கள் தங்கள் ஊரையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1897-இல் ல்வோவ் நகரில் வடிக்கப்பட்ட நாடகாசிரியர் ஃபிரெத்ரோவின் சிலை 1956-இல் நகர்மன்றத்தின் முன் அமர்ந்தது. முன்பு அந்தச் சதுக்கத்தில் குதிரைமீது வீற்றிருந்தவர் பிரஷ்ய மன்னர். ரஷ்யப் படையைப் போலந்து வென்ற காட்சியைத் தீட்டிய, 114 மீட்டர் நீளமுள்ள ஓவியமும் வந்தது. மாஸ்கோவுக்கு வருத்தம் வருமென்றோ என்னவோ, 1985 வரை அதை யாரும் காணவிடவில்லை.

இவையெல்லாம் இயல்பே. ஆனால் புதிய அரசு அத்துடன் நிற்கவில்லை. சுவர்களிலும் கடைப்பலகைகளிலும் இருந்த ஜெர்மன் எழுத்துகளைச் சுரண்டியது. பின்னாளில் ஜெர்மானியர் கல்லறைத் தோட்டங்களையும் தரைமட்டமாக்கியது. ‘நாஜிகளால் போலந்தில் மாண்டவர் சற்றேறக்குறைய அறுபது இலட்சம், அவர்கள் நெஞ்சு கொதிக்காதா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். கொதிக்கும்தான். ஆயினும் 1870-இல் கண்மூடிய ஒரு பாட்டிக்கு ஹிட்லர் யாரென்று தெரியுமா? அவள் தலைமாட்டுக் கல்லைப் பெயர்த்தது நீதியன்று என்பதே என் கருத்து.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் அவ்வூரிலேயே பணியாற்றிய ஆயர் கொமினெக். 1965-இல் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு எழுதிய மடலை வரைந்தவர் அவரே. மன்னிக்கிறோம் என்றதோடு மன்னிப்பும் கேட்டது அம்மடல். நாம் எதற்காக மன்னிப்புக் கேட்பது என்று அரசு சீறியது. பொதுமக்களிலும் பலர் முகம் சுளித்தனர். இன்று அவருக்கு அங்கே சிலை இருக்கிறது.

நகரைக் காணச் செல்வோர் மாக்ஸ் பெர்க் 1913-இல் கட்டிமுடித்த நூற்றாண்டு மண்டபத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். 65 மீட்டர் அகலக் கான்கிரீட் கவிகை அது! 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. எனக்கு வாய்த்தால் நான் முதலில் போக விரும்புவது கிராபிஷின் பூங்காவுக்கு. மறைந்துபோன கல்லறைத் தோட்டங்களின் கற்களில் மீந்தவற்றைப் பதித்து, 2008-இல் அங்கே ஒரு நினைவுச்சுவர் எழுப்பினார்கள். போலிஷ், ஜெர்மன் இரண்டிலும் அதில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அறுபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.