நரிமுகத் தெய்வமும் டோலக்பூர் பீமனும்



சென்ற தவணையில் பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாயார் தம் மகனின் ஓவியப் புத்தகத்தை என் மேசைமீது விரித்து வைத்தார். மகன் நான்காம் ஆண்டு மாணவன். அவன் வரைந்திருந்தது நரித்தலையும் மனித உடலும் கொண்ட ஓர் உருவம். அதன் முன்னே ஒரு தராசு. ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் ஓர் இறகு.

"சார், நாள் தவறாமல் சாமி கும்பிடுகிற வீட்டில் இப்படிப் பேயை வரைகிறானே! நீங்கள்தான் கண்டித்து வைக்க வேண்டும்" என்றார்.

யானைத்தலையும் மனித உடலும் கொண்ட விநாயகரை வணங்கிவிட்டுப் பாடம் தொடங்கும் நான், நரித்தலைக்காக அவனை எப்படிக் கண்டிப்பேன்? அனுமனும் நரசிம்மரும் வராகரும் நமக்குத் தெய்வங்கள். எகிப்தியரின் அனுபிஸ் மட்டும் பேயா? சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதை எங்கே பார்த்தான் என்று கேட்டேன். 'டூட்டன்ஸ்டைன்' என்ற பழைய சித்திரத் தொடரை யூடியூபில் பார்த்தானாம்.

2003 முதல் 2008 வரை அமெரிக்காவில் ஒளியேறிய தொடர் அது. அருங்காட்சியகத்தில் உயிர்த்தெழும் ஒரு சிறுவயது பாரோ மன்னன், அவனுக்குத் தோழியாக வாய்க்கும் கிளியோ என்ற சிறுமி, லக்சர் என்ற பேசும் பூனை. முழுக்க முழுக்க நகைச்சுவைதான். ஆயினும் அதை உருவாக்கியவர்கள் எகிப்தியல் அறிஞர் ஒருவரை ஆலோசகராக வைத்துக்கொண்டனர். கதை கற்பனையாக இருந்தாலும் தெய்வங்களின் பெயரும் தொழிலும் பழைய எகிப்தில் இருந்தவையே. அதன் பயனை அந்தச் சிறுவனிடம் கண்டேன். தொடரைப் பார்த்ததோடு நில்லாமல், எகிப்தைப் பற்றி நூலகத்தில் ஒரு மலாய்ப் புத்தகத்தைத் தேடியெடுத்துப் படித்திருக்கிறான். அந்தத் தராசு புத்தகத்திலிருந்து வந்தது. இறந்தவனின் இதயம் மாஅத் என்னும் வாய்மைத் தெய்வத்தின் இறகோடு வைத்து நிறுக்கப்படும் என்பதை அவன் எனக்கே விளக்கினான்!

இதைச் சொன்னதும் தாயார் சமாதானம் அடையவில்லை. "நாங்கள் நம் பண்பாட்டுக் கார்ட்டூன் மட்டும்தான் பார்க்க விடுவோம் சார், சோட்டா பீம் போல" என்றார். எனக்குச் சினம் வந்தது அந்தச் சொல்லைக் கேட்டுத்தான்.

'சோட்டா பீம்' 2008இல் போகோ அலைவரிசையில் தொடங்கிய தொடர். ஐதராபாத்தைச் சேர்ந்த கிரீன் கோல்டு நிறுவனத்தின் படைப்பு. அதன் நாயகன் டோலக்பூர் என்ற கற்பனை நாட்டில் வாழ்கிறான். இலட்டு தின்றால் அவனுக்கு வலிமை பெருகும். ராஜு, சுட்கி, ஜக்கு என்ற குரங்கு ஆகியோர் தோழர்கள். பெயரையும் பசியையும் வலிமையையும் தவிர, பாரதத்துப் பீமனிடமிருந்து அவன் எதைப் பெற்றான்? குந்தி இல்லை, வாயுதேவன் இல்லை. துரியோதனன் நஞ்சூட்டி ஆற்றில் எறிந்த கதை இல்லை. ஏகசக்கர நகரில் பகாசுரனுக்குச் சென்ற வண்டிச் சோற்றைத் தானே தின்று தீர்த்த கதை, அந்த வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் கதை, அதுவும் இல்லை. என் வகுப்பில் "பீமனின் தம்பி யார்?" என்று கேட்டால் "ராஜு" என்று பதில் வருகிறது. அருச்சுனன் என்று ஒருவராவது சொல்வார்கள் எனக் காத்திருந்து ஏமாந்திருக்கிறேன். 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'மைட்டி லிட்டில் பீம்' தொடரிலோ குழந்தைப் பீமனுக்கு உரையாடலே கிடையாது. உலகெங்கும் விற்பதற்கு அது வசதிதான். மொழி வளரும் என்று நம்பியிருப்பவர்கள் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படைத்தவர்களை நான் குறை கூறவில்லை. பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது அவர்கள் தொழில். அதைச் செவ்வனே செய்கிறார்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும், தடையில்லை. ஆனால் இலட்டு தின்னும் சிறுவனைக் காட்டிவிட்டுப் பண்பாட்டைக் கொடுத்துவிட்டதாகப் பெற்றோர் மார்தட்டுவதும், தேர்வு முடிந்த வாரத்தில் அதையே திரையில் ஓடவிட்டுப் பண்பாட்டுக் கல்வி என்று ஆசிரியர்கள் பதிவேட்டில் எழுதுவதும் எந்த வகை நேர்மை? (நானும் அப்படி எழுதியவன்தான். மறைப்பதற்கில்லை.)

நம்மிடம் கதைக்குப் பஞ்சமா? சித்தியவானில் வாழ்கிறோம். 'செத்தியா காவான்', அதாவது உற்ற தோழன், என்ற மலாய்ச் சொற்களிலிருந்து இவ்வூர்ப் பெயர் வந்தது என்பது வழிவழிச் செய்தி. ஆற்றுச் சேற்றில் சிக்கிய ஒரு யானையை விட்டுப் பிரிய மனமின்றி மற்றொரு யானையும் உடன் நின்று உயிர்விட்டதாம். இந்தக் கதையை அறியாத சித்தியவான் பிள்ளைகள் எத்தனை பேர்! காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புருவாஸ். பழைய கங்கா நகரம் அங்கேதான் இருந்தது என்று நம்பப்படுகிறது. சோழநாட்டுப் படையெடுப்போடு அதன் வீழ்ச்சியைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. நம் பிள்ளைகள் கெய்ரோவின் பிரமிடுகளை அறிவார்கள், புருவாஸை அறியமாட்டார்கள்.

மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அதனைப் பெற்ற ஆபுத்திரன் பசித்தோருக்கு உணவிடச் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான், வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகிறான், உயிர்நீத்து அதே சாவகத்தில் அரசனாகப் பிறக்கிறான். சாவகம் என்பது நம் பக்கத்துத் தீவாகிய சாவா என்பர். இதைவிடச் சித்திரத் தொடருக்கு ஏற்ற கதை எந்தப் பிரமிடுக்குள் கிடைக்கும்?

வரைவதற்கு ஆளில்லை என்று சொல்லாதீர்கள். இந்நாட்டின் முதல் சித்திரப்படமாகக் கருதப்படும் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' 1983இல் வெளிவந்தது. பிலிம் நெகாராவில் பணியாற்றி அதனை உருவாக்கியவர் பெயர் ஆனந்தம் சேவியர். ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள் அந்தப் பெயரை! மலாய்க்காரர்களின் சருகுமானுக்கு உயிர் கொடுத்த கை அது. 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரோ ஒரு மலாய்க் கிராமத்தை அப்படியே காட்டி நாடு கடந்து புகழ் பெற்றது. அங்கே நம் பங்குக்கு ராஜு இருக்கிறான், முத்து அங்கிள் இருக்கிறார். பிறர் கதையில் நமக்கு இடம் தந்தார்கள், நன்றி. தோட்டத்துப் பாட்டி சொன்ன முனியாண்டிக் கதை எந்தத் திரையில் வந்தது? அந்தப் பாட்டிமார்களும் ஒவ்வொருவராய் மறைந்து வருகிறார்கள்.

அந்தச் சிறுவனிடம் திரும்பி வருகிறேன். தாயார் சென்றபின் அவன் என்னிடம் வந்து, "ஐயா, நம் யமனிடம் தராசு உண்டா?" என்று கேட்டான். யமனிடம் சித்திரகுப்தனின் கணக்கேடுதான் உண்டு என்றேன். ஆனால் தராசுக் கதை நம்மிடமும் இருக்கிறது என்று சொல்லி, புறாவைக் காக்கத் தன் தசையை அரிந்து தட்டில் வைத்த சிபியைப் பற்றிச் சொன்னேன். சோழர்கள் தம் முன்னோன் என்று பெருமை கொண்டாடிய மன்னன் என்றும் சொன்னேன். "அங்கே இறகு, இங்கே புறாவே இருக்கிறதா?" என்றான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தும் எனக்குத் தோன்றாத ஒப்புமை அது.

மறுவாரம் ஒரு தாள் கொண்டுவந்தான். சிபி மன்னனின் முகம் டூட்டன்ஸ்டைன் முகமாகவே இருந்தது. புறா நன்றாக வந்திருந்தது. அதை வகுப்புப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த சந்திப்பு நாளில் அந்தத் தாயார் பார்ப்பார்.