மீன்கொத்தியும் மட்டியும்



தமிழில் 'மட்டி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, நீரடிச் சேற்றில் வாழும் சிப்பியினம். மற்றொன்று, அறிவு மந்தமானவன். இவ்விரண்டாம் பொருளில் அச்சொல்லைப் பிள்ளைகள்மீது வீசுதல் தகாது என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

விரைந்து விடை பகரும் பிள்ளை மீன்கொத்தி போன்றவன். சங்கப் புலவர் 'சிரல்' என்றழைத்த பறவை அது. கிளையில் அமர்ந்து குறி பார்க்கும். இமைப்பொழுதில் பாய்ந்து மீனொடு மீளும். ஜப்பானில் 1997-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய விரைவு இரயில் ஒன்றின் முகப்பு அதன் அலகைக் கண்டே அமைக்கப்பட்டது. அதன் திறமையை யாரே மறுப்பர்?

மட்டியோ ஓசையின்றிக் கிடக்கின்றது. மலாய் மொழியில் அதனைக் 'கீஜிங்' என்பர். அது நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசி முதலியவற்றை வடித்துண்டு, தெளிந்த நீரை வெளிவிடுகின்றது. ஒரே நாளில் பல லிட்டர் நீர் அதன் உடலினூடே செல்லும். ஐரோப்பிய ஆறுகளில் வாழும் முத்து மட்டி நூறாண்டும் கடந்து வாழ வல்லது.

மீன்கொத்தி கண்ணால் கண்டே மீனைப் பற்றுகின்றது. நீர் கலங்கினால் அதன் கூர்மை பயன்படாது. மட்டியின் குஞ்சுகளோ மீனின் செவுளிலும் துடுப்பிலும் ஒட்டியே வளர்கின்றன. மட்டி இன்றேல் நீர்த்தெளிவு குறையும். மீன் இன்றேல் இரண்டிற்கும் வாழ்வில்லை.

நம் அம்பாங், 1857-இல் ஈயம் தேடி வந்தோரால் உருவான ஊர். ஈயம் எடுத்த சேறும், பின்னர் நாம் எறிந்த குப்பையும் ஆற்றைக் கலக்கின. ஏளனச் சொல்லும் வகுப்பறையை அவ்வாறே கலக்கும். ஏளனத்துக்கு ஆளானவன் வாய் மூடுவான், விரைந்தவனோ செருக்குறுவான். இழப்பு இருவர்க்குமே.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆயினும், பிள்ளைகளை ஒப்பிட்டு இகழும் வழக்கம் நம் இல்லங்களை விட்டு நீங்கவில்லை. விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பும் ஓசையற்றதே. அவ்வுழைப்பே நம்மைப் பள்ளிக்கு அனுப்பியது.

ஆதலின் பெற்றோர்களே, விரைவாகப் பயில்வோனைப் பாராட்டுங்கள். மெல்லப் பயில்வோனுக்குக் காலம் கொடுங்கள். ஆற்றைப் போலவே பிள்ளைகளின் நெஞ்சையும் கலங்காது காப்போமாக!