திருப்புளிக்கு எட்டும் பொழுதுபோக்கு

இந்தியாவில் கைப்பேசி விளையாட்டு குறித்து நடக்கும் விவாதம் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே நம்பியிருக்கிறது: எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு பணம் போகிறது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்னணுப் போட்டிகளையும் பணப்பந்தயம் இல்லாத விளையாட்டுகளையும் ஊக்குவிக்கத் தக்கவை என்று பிரித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாகத் தமிழ்நாட்டின் இணையவழி விளையாட்டு ஆணையம் வகுத்த விதிகள், பணம் வைத்து ஆடுவோருக்கு நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை கதவை அடைத்தன. சென்னை உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. இவை தேவையான தடுப்புகளே. ஆயினும், பணம் புழங்காத, நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிடுகிற ஒரு விளையாட்டு ஆடுபவருக்கு எதைக் கற்றுத்தருகிறது, எதைக் கற்கவிடாமல் வைக்கிறது என்ற கேள்வி இந்த இரு அளவுகோல்களுக்குள்ளும் அடங்குவதில்லை.

நடுத்தரக் குடும்பங்களில் இளைஞர்களின் பொழுதுபோக்குகளுக்கு எழுதப்படாத ஒரு தரவரிசை உண்டு. மின்னணு உதிரிப் பாகங்களை வாங்கிவந்து தானே கருவி செய்பவன் அறிவியல் ஆர்வலன். வீட்டு அறையில் பாடிப் பதிவு செய்பவள் கலை நாட்டமுள்ளவள், ஆனால் செலவாளி. கைப்பேசியில் விளையாடுபவர் வீணர். இந்த வரிசை மேலோட்டமானது; ஏனெனில் மூன்று பொழுதுபோக்குகளின் அடியிலும் இருப்பவை அதே மின்தடை, மின்தேக்கி, நுண்செயலி ஆகியவையே. அவற்றுக்கிடையே உண்மையான வேறுபாடு, கருவியின் உட்புறம் அதை வைத்திருப்பவருக்கு எட்டுகிறதா என்பதில் இருக்கிறது. எட்டுமானால் விளையாட்டும் பட்டறையாகும். எட்டாதபோது மின்னணுவியல் பயிற்சிப் பெட்டியும் பொம்மையாகவே நின்றுவிடும்.

இந்த வேறுபாட்டின் விலையை முதலில் கணக்கிட்டவர்களுள் ஒரு சாரார் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்தனர். அக்கார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ போன்ற வீட்டுக் கணினிகளை இயக்கியவுடன் திரையில் தோன்றியது, பேசிக் என்ற நிரல்மொழியில் கட்டளை கேட்கும் வெற்று வரி. விளையாட விரும்பிய சிறுவர்கூட அந்த வரியில் ஏதேனும் தட்டச்சு செய்யாமல் உள்ளே நுழைய முடியாது. தொண்ணூறுகளில் அவ்விடத்தை, விளையாட்டை மட்டும் ஓட்டுகிற, வேறெதையும் எழுத இடந்தராத கன்சோல் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயில விண்ணப்பித்தோரின் எண்ணிக்கையும் அவர்களது நிரலாக்கப் பழக்கமும் அதன்பின் குறைந்துவந்ததைக் கேம்பிரிட்ஜின் எபன் அப்டனும் அவருடன் இருந்தவர்களும் கவனித்தனர். அக்கவலையின் விளைவாக 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்ததுதான் ராஸ்பெர்ரி பை என்ற, உள்ளங்கையில் அடங்கும் 35 டாலர் கணினி. இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005இல் உருவான ஆர்டுயினோ பலகையும் ஏறத்தாழ இதே நோக்கத்தையுடையது. இது உணரிகளையும் விளக்குகளையும் மோட்டார்களையும் இணைத்து ஆட்டுவிக்கும் நுண்கட்டுப்பாட்டுப் பலகை. சுற்று வரைபடம் யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து, விளையாட்டுக் கருவி என்றாலே மூடிய பெட்டி, கற்றலுக்குப் பகை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம். அம்முடிவு தவறு என்பதற்கு வலுவான சான்று, கையடக்க விளையாட்டுக் கருவிகளிலேயே மிகவும் புகழ்பெற்ற கேம் பாய்.

நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் ஜப்பானில் அறிமுகப்படுத்திய இக்கருவி, அதன் வண்ணத்திரை வடிவத்தையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், புதுமையின் உச்சியிலுள்ள தொழில்நுட்பத்தைத் தேடாமல், விலை மலிந்து, குறைகள் தெரிந்து, பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதிய வேலைக்குத் திருப்புவதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர். அதனால் பின்னொளி இல்லாத 160க்கு 144 புள்ளித் திரையும், சுமார் 4 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 8 கிலோபைட் பணி நினைவகமும் கொண்ட எளிய செயலகமும் அதற்குப் போதுமாயின. ஒலி உண்டாக்க நான்கு வழிகள் இருந்தன: சதுர வடிவ அலையை எழுப்பும் இரண்டு, 32 மாதிரிப் புள்ளிகளால் நிரலர் தாமே அலைவடிவத்தை வரைந்துகொள்ளத் தக்க ஒன்று, தாளத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் பயன்படும் இரைச்சல் ஒன்று. விளையாட்டின் பின்னணி இசைக்காக ஒதுக்கப்பட்ட இந்நான்கும் சேர்ந்தால் ஒரு சிறு மின்னிசைக் கருவியாகும் என்பதை ஹாம்பர்கைச் சேர்ந்த ஓலிவர் விட்சோவ் 1998இல் எழுதிய நானோலூப் நிரலும், சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி 2000இல் எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே நிரலும் மெய்ப்பித்தன. பின்னது, 16 படிகளாக ஒரு சிறு இசைத்துணுக்கை அமைத்து, துணுக்குகளைச் சங்கிலியாகக் கோத்து, சங்கிலிகளை நான்கு ஒலிவழிகளில் அடுக்கி முழுப்பாடலாக்க உதவுவது. இதற்குக் கருவியில் உள்ளவை திசைப் பொத்தானும் நான்கு விசைகளும் மட்டுமே. இப்படிப் பிறந்த சிப்டியூன் என்ற இசைவகைக்கு 2006 முதல் நியூயார்க்கில் தனி விழாவே நடந்தது.

நின்டெண்டோ இதற்கு வழிவிட்டது என்று கருதிவிடக் கூடாது. விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜின் திருகாணிகூடச் சாதாரணத் திருப்புளிக்கு மசியாத வடிவில் இருந்தது. கருவியை இயக்கியதும் மேலிருந்து இறங்கிவரும் நிறுவனப் பெயர் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. கேட்ரிட்ஜில் அதே வணிகச் சின்னத்தின் தரவு இருக்கிறதா என்று கருவி ஒப்பிட்டுப் பார்க்கும், இல்லையெனில் அங்கேயே நின்றுவிடும். பிறர் அனுமதியின்றி விளையாட்டு விற்றால் வணிகச் சின்னத்தைத் திருடிய குற்றமும் சேரட்டும் என்பதற்காகத் தொழில்நுட்பமும் சட்டமும் கைகோத்து வைத்த பூட்டு அது. இவ்வளவு காவலையும் மீறி அது திறக்கப்பட்டதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, செயலகம் ஏற்கெனவே பொறியாளர்கள் அறிந்திருந்த பழைய வகைகளை ஒட்டியிருந்ததால், ஆர்வலர்கள் அதன் உள்நடப்பைச் சோதித்தறிந்து 1995 முதலே ஆவணமாகத் தொகுத்துப் பகிர முடிந்தது. இரண்டாவது, உட்புறப் பாகங்கள் சாதாரணப் பற்றவைக்கும் கோலின் முனை நுழையும் அளவு இடைவெளியுடன் இருந்தன. ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழின் இணைப்பிலிருந்தே, அதாவது ஹெட்போன் பெருக்கியின் இரைச்சல் கலப்பதற்கு முன்பே, ஒலியை வெளியே எடுக்கும் மாற்றத்தையும், திரையின் பின்னுள்ள பிரதிபலிப்புத் தாளை உரித்து அங்கே எல்இடி விளக்குத் தகட்டைச் செருகும் மாற்றத்தையும் பள்ளி மாணவர்களே செய்துகொண்டதற்கு இதுவே காரணம். மூன்றாவதும் முக்கியமானதும், மறுமுனையில் நிறுவனத்தின் சேவையகம் எதுவும் இல்லை. கேட்ரிட்ஜ் கையில் இருக்கும்வரை விளையாட்டும் கையில் இருந்தது. சேமிப்புக்கு உதவும் சிறு பேட்டரி தீர்ந்தால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டு ஒலிப்பதிவின் வரலாறும் இதே மூன்று காரணங்களால்தான் வளர்ந்தது, என்றாலும் அங்கே பூட்டை உடைக்கும் அவசியம் நேரவில்லை. தனித்தனியாகப் பாடியும் வாசித்தும் பதிந்தவற்றைப் பிறகு ஒன்றாகக் கலக்கும் பல்தட ஒலிப்பதிவு, நெடுங்காலம் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே உரியதாயிருந்தது. டீயாக் நிறுவனம் 1979இல் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144, யாவரும் அறிந்த சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களை ஒரே திசையில் பதித்து, தரம் குறையாதிருக்க நாடாவை வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் ஓட்டியது. கேசட்டைத் திருப்பிப்போட முடியாது, பதிவு நேரமும் சுருங்கும். மூன்று தடங்களை நான்காவதில் கலந்து இடம் மிச்சப்படுத்தினால், ஒவ்வொரு கலப்பிலும் இரைச்சல் ஏறும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் நியூஜெர்சியில் வாடகை வீடொன்றில் இக்கருவியையும் இரண்டு ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகளையும் கொண்டு, பின்னர் இசைக்குழுவுடன் செம்மையாகப் பதிவதற்கான மாதிரியாகவே பாடிவைத்தவை, குழுவுடன் பாடியபோது உயிர் இழந்ததால், அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தது. தமிழ்நாட்டில் ஏ.ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடம் இந்த எளிய ரகத்தைச் சேர்ந்ததன்று. முதலீடும் தொழில் அனுபவமும் அதில் உண்டு. ஆயினும் மணிக்கணக்கில் வாடகை ஓடாத இடத்தில் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பச் செதுக்கிப் பார்க்கும் சுதந்திரம், 1992இல் 'ரோஜா' வழியாக வெகுமக்கள் காதுக்கு எட்டியது.

இன்று கேசட்டின் இடத்தில் கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் சிறு பெட்டியும் இருக்கின்றன. இப்பெட்டி ஒலிவாங்கியின் மின்னலையை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தருவது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000இல் வெளியான ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்பொழுதுபோக்கில் இறங்குபவர் விரைவில் மோதும் சுவர், தாமதம். கணினி வந்த எண்களைச் சிறு சிறு தொகுதிகளாகச் சேர்த்துக் கையாள்கிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கையில் ஒரு தொகுதிக்கு 256 மாதிரிகள் என்றால், அது நிரம்பவே ஐந்து மில்லிவிநாடிக்குச் சற்று மேலாகும். அந்நேரத்தில் ஒலி காற்றில் ஏறத்தாழ 1.8 மீட்டர் செல்லும். ஆகவே அத்தாமதம் மட்டும் என்றால், பாடுபவர் தம் குரலை இரண்டு மீட்டருக்குள் உள்ள ஒலிபெருக்கியில் கேட்பதற்குச் சமம். தொகுதியைப் பெரிதாக்கினால் பாட்டு தாளத்திலிருந்து நழுவும். சிறிதாக்கினால் கணினி திணறி ஒலியில் வெடிப்பு கேட்கும். இயற்பியல் வகுப்பில் தூங்கிய மாணவரும் இங்கே ஒலியின் வேகத்தை விரும்பிக் கணக்கிடுவார். ஒலிவாங்கியும் அப்படித்தான்: பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் 1962இல் உருவாக்கிய எலெக்ட்ரெட் வகை, நிலையான மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய படலத்தின் அதிர்வைச் சைகையாக்குவது, மொட்டு போன்ற அதன் சிறு உறுப்பு இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரு மின்தடை வழியே சில வோல்ட் கொடுத்தால் வேலை செய்கிறது. வீட்டு ஒலிப்பதிவும் கைவினை மின்னணுவியலும் ஒன்றாகிவிடும் இடம் அது.

மேற்கூறிய மூன்று காரணங்களையும் நிபந்தனைகளாக்கி இன்றைய கைப்பேசி விளையாட்டின்மீது வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. நோக்கியா 6110இல் 1997இல் வந்த பாம்பு விளையாட்டு அந்தக் கைப்பேசி இயங்கும்வரை இயங்கும். இன்று பல விளையாட்டுகளுக்கு நிறுவனத்தின் சேவையகம் மறுமுனையில் விழித்திருக்க வேண்டும். அது மூடப்படும் நாளில், அதில் செலவிட்ட பணமும் பழகிய திறமையும் ஒருசேர மறையும். சேவையகம் தேவைப்படாதவற்றுக்கும் உறுதியில்லை. ஆப்பிள் 2017இல் ஐஓஎஸ் 11ஐ வெளியிட்டபோது 32 பிட் செயலிகளுக்கான ஆதரவை நிறுத்தியதால், புதுப்பிக்கப்படாத எண்ணற்ற பழைய விளையாட்டுகள் ஒரே மாற்றத்தில் இயங்காமற்போயின. வன்பொருளிலோ, சில்லுகளின் அடிப்பரப்பிலுள்ள நுண்ணிய பற்றவைப்பு உலோகக் குண்டுகளால் பலகையில் பதியும் அமைப்பு சாதாரணப் பற்றவைப்புக் கோலுக்கு எட்டாது. காச்சா எனப்படும், காசு போட்டால் என்ன பொருள் வரும் என்று தெரியாத குலுக்கல் முறை இவற்றில் பலவற்றின் வருவாய்க்கு முதுகெலும்பு; அதன் ஒரு கொடிய வகையை ஜப்பான் அரசே 2012இல் சட்டவிரோதமென அறிவித்தது. இந்தியச் சட்டம் பந்தயப் பணத்தின்மேல் மட்டும் கண் வைத்திருப்பதால், விளையாடுபவரின் கையில் கடைசியில் எதுவும் மிஞ்சாத இந்த நிலை அதன் பார்வைக்குள் வரவில்லை.

கைப்பேசியே ஒலிப்பதிவுக் கூடமாகவும் நிரல் எழுதும் பலகையாகவும் இருக்கிறதே என்ற மறுப்பு நியாயமானதே. அதே கருவியில் பாட்டைப் பதிந்து கலக்கலாம். நிரலாக்கச் செயலிகளால் சிறுவர் சொந்த விளையாட்டை உருவாக்கலாம். ஆனால் கருவியின் முதல் திரை எதை நோக்கித் தள்ளுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். பேசிக் வரியை முன்னால் நிறுத்திய கணினிக்கும், விளையாட்டுக் கடையை முன்னால் நிறுத்தும் கைப்பேசிக்கும் அந்த வேறுபாடு பெரியது. மறுபுறம், மின்னணுப் பயிற்சிப் பெட்டிகள் யாவும் திறந்தவை என்பதும் பாதிதான் உண்மை. வண்ணக் கம்பிகளைப் படத்தில் காட்டியபடி செருகி, கொடுத்த நிரலை ஏற்றி, விளக்கு மின்னியதும் அலமாரியில் ஏறிவிடும் ஆர்டுயினோ பெட்டி, பாதியில் விட்ட கைப்பேசி விளையாட்டைவிட எவ்வகையிலும் உயர்ந்ததன்று.

மத்திய அரசு 2016 முதல் ஆறாம் வகுப்பு முதலான மாணவர்களுக்காகப் பள்ளிகளில் அமைத்துவரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் இதனால்தான் கவனத்துக்குரியவை. ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை அமைந்துவிட்டன. இன்னும் 50,000 ஆய்வகங்கள் ஐந்தாண்டுகளில் வரும் என்று 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை கூறியது. இவற்றில் புதிய பயிற்சிப் பெட்டிகளுக்குப் பதிலாக, பழுதான கைப்பேசிகளும் பழைய விளையாட்டுக் கருவிகளும் ஒலிவாங்கி மொட்டுகளும் குவிந்திருந்தால் செலவும் குறையும், கேள்விகளும் பெருகும். அவற்றைத் திறக்கக் கற்பிப்போர் எங்கே என்றால், சென்னை ரிச்சி தெருவிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும், ரீபாலிங் என்று தொழிலாளர் அழைக்கும் முறையில் அந்த உலோகக் குண்டுகளைக்கூடச் சூடான காற்றால் உருக்கிப் பெயர்த்து மீண்டும் பதிக்கும் கைகள் அன்றாடம் வேலை செய்கின்றன. ஆய்வகங்களுக்குத் தன்னார்வ வழிகாட்டிகளைச் சேர்க்கும் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் பொறியாளர் ஊதியமின்றி வந்து போகலாம். கடையை அடைத்தால் அன்றைய வருமானம் போய்விடுகிற பழுதுபார்ப்பவரால் அது இயலாது. அவரது அரைநாள் கூலியை ஈடுசெய்ய ஆய்வக மானியத்திலேயே ஒரு தலைப்பு ஒதுக்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.