பெயர் இருக்கலாம், நோன்பு இருக்கக் கூடாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்க் கல்லூரிகளில் சேர மார்க் போதும். அசோகா பல்கலைக்கழகம் மாதிரி சில தனியார் பல்கலைக்கழகங்களும் அமெரிக்கக் கல்லூரிகளும் மார்க்கோடு ஒரு கட்டுரையும் கேட்கின்றன. அமெரிக்காவின் 'காமன் ஆப்' பொது விண்ணப்பத்தில் அதற்கு 650 வார்த்தை வரை இடம் உண்டு. உன் பின்னணி, அடையாளம், இவற்றில் எதைச் சொல்லாவிட்டால் உன் விண்ணப்பம் முழுமையாகாதோ அதை எழுது என்பது அவர்கள் தரும் தலைப்புகளில் ஒன்று.

விளாத்திகுளம் பக்கத்துப் பெண் ஒருத்தி இப்படி ஒரு கட்டுரை எழுதி என்னிடம் காட்டினாள். அவளுடைய அத்தா வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். மாசி, பங்குனியில் வத்தல் வரத்து உச்சத்தில் இருக்கும்போதே இப்போது ரமலானும் வருகிறது. மிளகாய் நெடியில் தொண்டை எரிய, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மஃரிப் வரை நிற்கிறார். எடையில் குறைப்பவர்களைக் கண்டிக்க குர்ஆனில் ஒரு அத்தியாயமே உண்டு, 83ஆவது. அதைச் சொல்லித்தான், மூட்டைக்குக் கூடுதலாகக் கழிவு போடச் சொன்னால் மறுத்துவிடுவாராம். "கணக்குப் படிக்க ஆசை வந்ததே அந்தத் தராசைப் பார்த்துத்தான் சார்" என்றாள்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை திருத்தித் தரும் ஒருவர் நோன்பையும் குர்ஆனையும் அடித்துவிட்டார். "மதம் வேண்டாம், ரிஸ்க்" என்றாராம். மிச்சம் என்ன? தனக்குத் தலைமைப் பண்பு உண்டு, விடாமுயற்சி உண்டு. இதைக் கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை எந்தப் பிள்ளையும் எழுதலாமே! அவள் எங்கே போனாள்?

அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவல், யூத மாணவர்களுக்கு 15 சதவீத வரம்பு வைக்கப் பார்த்தார். அதே காலத்தில் விண்ணப்பத்தில், நீயோ உன் தகப்பனாரோ பெயரை மாற்றிக்கொண்டது உண்டா என்றுகூடக் கேட்டார்கள். விண்ணப்பத்தை வைத்து ஆளை வடிகட்டியது நடந்த வரலாறு. ஆனால் வடிகட்ட நினைக்கிறவனுக்கு முதல் வரியில் இருக்கும் பெயரே போதும். கட்டுரையில் நோன்பை அடிப்பதால் அவனிடமிருந்து எதுவும் மறையாது. நியாயமாகப் படிக்கிறவருக்குத்தான் அந்தப் பிள்ளை தெரியாமல் போகிறாள்.

இன்னொரு கேள்வி. கொடை விழாவில் கும்மி அடித்ததையோ தேர் இழுத்ததையோ ஒரு பிள்ளை எழுதினால் அது 'பண்பாடு'. நோன்பு என்று எழுதினால் மட்டும் 'மதம்' எப்படி ஆகிறது? அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் தன் தகப்பனாரின் தொழுகையைப் பற்றி எழுதியிருக்கிறார். நாம் அதைப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கிறோம். பக்கத்து எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடியபோது, அரபு நாட்டையே தமிழ் நிலமாக்கிக் காட்டினார். அவர் ஒளிக்கவில்லை, தமிழும் அவரைத் தள்ளவில்லை. அந்த மண்ணில் பிறந்த பிள்ளையிடம் "ஒளி" என்று சொல்ல நாம் யார்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து கடமைகளை விளக்கிப் பாடம் எடுக்காதீர்கள், அதற்குப் புத்தகம் இருக்கிறது. இரக்கம் தேடியும் எழுதாதீர்கள். உங்கள் நம்பிக்கை உங்களை என்ன செய்ய வைத்தது, எதை மறுக்க வைத்தது, எங்கே கேள்வி கேட்க வைத்தது என்று எழுதுங்கள். எழுத மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் உங்கள் உரிமை. ஆனால் அந்த முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

கட்டுரை திருத்துகிறவர்களே, பிழையைத் திருத்துங்கள். வாக்கியம் நீண்டால் வெட்டுங்கள். வீட்டையும் அத்தாவையும் வெட்டாதீர்கள்.

பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம். மாற்றுக் கருத்து இருந்தால் மரியாதையோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

— ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியர், விளாத்திகுளம்